உன் இடத்தில் ஒரு மீசைக்காரர்

எல்டர்பெக்
மே மாதக் கடைசி, 2020

அன்புள்ள திலோ,

நானும் உன் அப்பாவும் நலம். இந்த வசந்த காலத்தில் நலம் என்றால் இருமல் இல்லை, காப்பியின் மணம் மூக்குக்குத் தெரிகிறது, வீட்டில் கழிவறைக் காகிதம் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. நியூசிலாந்தில், அந்த டனீடனில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். உங்கள் நாட்டில் நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது என்று செய்தியில் கேட்டேன். உங்கள் நாடு என்று எழுதிவிட்டேன் பார், அழிக்காமல் விடுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். வீட்டுச் சுவர்கள் பிஸ்கட் மாதிரி மெல்லிசு என்று நீ சொன்னாய், கஞ்சத்தனம் பார்க்காமல் ஒரு நல்ல ஹீட்டர் வாங்கிக்கொள். நான் சமையலறை மேசையில் அலுவலகம் நடத்துகிறேன். பழைய சுரங்கங்களுக்கு மேல் நிற்கும் வீடுகள் இந்த வருடம் எவ்வளவு இறங்கின என்று பார்க்க நோய்க் காலத்திலும் ஆள் வேண்டியிருக்கிறது, ஊரில் மற்றதெல்லாம் நின்றாலும் அது நிற்பதில்லை. இதைத் தபாலில் அனுப்பத்தான் நினைத்தேன். தபால் நிலையத்தில் கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் இருந்தவர், விமானமே பறக்கவில்லை, எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார். ஆகவே கடிதமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீயும் நானும் பேசும்போதெல்லாம் அப்பா அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். இது அவர் காதில் விழக்கூடாத சேதி.

விஷயம் கால்பந்து. நீ முகம் சுளிப்பாய், நானும்தான் சுளித்தேன். இங்கே ஆட்டங்களை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல். பேய் மேட்ச் என்று ஊரெல்லாம் அதற்குப் பெயர். பாதிப் பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கின்றன, குழந்தைகள் காப்பகம் மூடியிருக்கிறது, முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் நின்றுதான் பார்க்க முடிகிறது, தேவாலயத்தில் பாடக் கூடாது. ஆனால் இருபத்திரண்டு ஆண்களை ஹோட்டலில் பூட்டி வைத்து, அடிக்கடி மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து, சனிக்கிழமையானால் ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்து இழுக்க அனுமதிக்கலாமாம். மக்களின் மனநிலைக்காக என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்னார். என் மனநிலையை யாரும் கேட்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆளுக்கு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள், களத்தில் இருப்பவர்கள் முகத்துக்கு முகம் கத்துகிறார்கள். கோல் அடித்தால் கட்டிப்பிடிக்கக் கூடாது, முழங்கையால் முழங்கையை இடித்துக்கொள்ளலாம். இதை யோசித்து எழுதியவர்களுக்குப் பட்டம் எதுவும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்பா இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார், அது உனக்குத் தெரியாத சேதி இல்லை. நீ வெளிநாடு போனது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. விமான நிலையத்தில் என்னைவிட அவர்தான் தைரியமாக இருந்தார். நீ போகும்போது உன் சீசன் டிக்கெட்டைக் கிளப்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாய் என்பதுதான் விஷயம், அதுவும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நீ பிறந்த வாரமே அந்த டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் வரிசையில் உன் பெயரைப் பதிந்துவிட்டு வந்த மனிதர் அவர். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர அவர் தாமதமானது அதனால்தான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? போன ஆகஸ்டில் முதல் ஆட்டத்துக்கு ஸ்டேடியத்தின் தெற்கு மேடைக்குப் போனவர், உன் இடத்தில் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் நின்று காய்கறி சாசேஜ் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். நின்று பார்க்கும் மேடையில் எண் எல்லாம் கிடையாது, ஆனாலும் யார் எங்கே நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து, "அவன் இனி திரும்ப மாட்டான், அல்மூத். திரும்பற எண்ணம் இருக்கிறவன் அதைக் கொடுப்பானா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் அது வெறும் டிக்கெட் என்றேன். இப்போது யோசித்தால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து உன்னிடம் அவர் பேசவில்லை, நீயும் போனை அவரிடம் கொடு என்று கேட்கவில்லை. இரண்டு கழுதைகளுக்கு நடுவில் ஒரு படித்த பெண் எத்தனை மாதம் நிற்க முடியும் என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் கிளப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்டேடியம் காலியாக இருக்கக் கூடாதாம், படம் அனுப்புகிறவர்களை இடுப்பளவுக்கு மேல் அட்டையில் அச்சிட்டு, குச்சி வைத்து, அவரவர் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நட்டு வைப்பார்களாம். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, மாடிக்குப் போய் அந்த பேட்ஜ் குத்திய ஜீன்ஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதைத் துவைத்தால் கிளப் தோற்கும் என்பதால் இதுவரை துவைத்ததில்லை, உனக்குத் தெரியும். கொல்லைக் கதவுக்கு முன்னால் நின்று கழுத்துத் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எடு என்றார். எடுத்தேன். "சிரிக்காதே" என்றார். "நான் சிரிக்கல." "உன் தோள் சிரிக்குது." இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் கண்ணை மூடாத ஒரு படம் கிடைத்தது.

பிறகு இரவு உணவின்போது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, பக்கத்து இடம் காலியாக இருக்கிறது என்றார். அந்தப் பல் பெண் அட்டைக்குப் படம் கொடுக்கவில்லையாம். டமாரம் அடிக்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, காகித மனிதர்களோடு நிற்க மாட்டோம் என்று ஸ்டேடிய வேலியில் துணிப் பதாகை கட்டியிருக்கிறாளாம். எனக்கு அந்தப் பெண்ணை முதல் முறையாகப் பிடித்தது. "திலோ படம் ஒண்ணு இருந்தா நிறுத்தலாம்" என்றார், உப்பு எடு என்று கேட்கிற குரலில். வீட்டில் உன் படம் இல்லாமலா? ஆனால் கிளப்பில் விதி இருக்கிறது. படத்தில் இருப்பவர் வயது வந்தவரானால் அவரே தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நோய்க்கு அடுத்தபடி மக்கள் பயப்படுவது தன் முகம் தன்னைக் கேட்காமல் எங்காவது போய்விடுமோ என்றுதானே. அப்பா அந்த விதியை மதிக்கிறவர். ஆள் இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர். ஆகவே, "நீ அவனுக்கு எழுதிக் கேளேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "போன் அங்கே இருக்கு, ஃபோல்கர். நீயே கேளு." "நான் எதுக்குக் கேக்கணும்? இடத்தை விட்டுட்டுப் போனவன் அவன்." "அப்போ காலியா இருக்கட்டும்." "இருக்கட்டும்" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். மறுநாள் தன் படத்தை மட்டும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அன்று அவர் விசிலடித்துக்கொண்டே புல் வெட்டினார்.

போன சனிக்கிழமை நம் ஊரில் முதல் பேய் மேட்ச். இப்போது இரண்டு வீட்டார் சேர்ந்து உட்காரலாம் என்று மாநிலம் அனுமதித்திருக்கிறது, அதனால் பக்கத்து வீட்டு ஹார்ட்முட் வந்தார். அப்பா மடக்கு அளவுகோலைக் கொண்டுவந்து சோபாவிலிருந்து ஒன்றரை மீட்டர் அளந்தார். ஒன்றரை மீட்டர் கொல்லைக் கதவைத் தாண்டி வெளியே போய் முடிந்தது. ஆகவே ஹார்ட்முட் தோட்ட நாற்காலியில், வெயிலில், திறந்த கதவு வழியாக எங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னடா, வீட்டு நாய் மாதிரி வாசல்ல உக்கார வச்சிட்டே?" "நாய்க்கு பீர் கொடுக்க மாட்டேன். குடி." இருவரும் கழுத்தில் கிளப்பின் கம்பளித் துணியைச் சுற்றியிருந்தார்கள். இருபத்தைந்து டிகிரி வெயில். நான் உருளைக்கிழங்கு சாலட் செய்து இரண்டு தட்டில் தனித்தனியாக வைத்தேன், ஓர் ஆராய்ச்சியாளரைப் போலக் கவனிக்கலாம் என்று மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ரிமோட்டில் ஒரு புது வசதி. ஸ்டேடியத்தின் நிஜ ஓசையைக் கேட்கலாம், அல்லது பழைய ஆட்டங்களில் பதிவுசெய்த கூட்டத்தின் இரைச்சலைச் சேர்த்துக் கேட்கலாம். ஹார்ட்முட் இரைச்சல் வேண்டும் என்றார். அப்பா போட்டுப் பார்த்தார். பந்து வெளியே போய்க் கோல்கீப்பர் கால் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நாற்பதாயிரம் பேர் பரவசமாகப் பாடினார்கள். "ச்சீ, அணைச்சுத் தொலை" என்று ஹார்ட்முட்டே சொன்னார். அணைத்ததும் வந்த அமைதியில் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது, இத்தனை வருடமும் அந்த ஆட்டக்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று யாருக்குமே தெரியாது. இப்போது எல்லாம் கேட்கிறது. "எங்கடா பாக்கறே, முட்டாளே, இடது பக்கம்! உனக்கு இடது எதுன்னு தெரியுமா?" என்று நம் பயிற்சியாளர் கத்தியது பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அந்த இடது பக்கக்காரனுக்கு ஒரு வருடத்துக்கு என் அலுவலகம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்கிறார்கள். அடிபட்டதாக விழுந்தவன், கத்துவதற்கு முன் நடுவர் பார்க்கிறாரா என்று பார்ப்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆளில்லாத இடத்தில் அலறுவது எவ்வளவு கடினம் என்று அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும், ஒருவன் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்துவிட்டான். இடைவேளையில் அப்பா கழிவறைக்குப் போய்விட்டு உடனே வந்து, வரிசை இல்லாமல் போனால் போன மாதிரியே இல்லை என்றார். கேலி செய்கிறாரா என்று பார்த்தேன், இல்லை.

இரண்டாவது பாதியில் நமக்கு ஒரு கோல். மூலையிலிருந்து வந்த பந்து யாருடைய முதுகிலோ பட்டு உள்ளே போனது. அப்போதுதான் அது நடந்தது. கோல் விழுந்தால் அறிவிப்பாளர் ஆட்டக்காரனின் முதல் பெயரைச் சொல்வார், மேடை முழுவதும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தும், இப்படி மூன்று முறை. சின்ன வயதில் நீ சூப் சாப்பிடும்போதுகூட இதைச் செய்வாய். அந்த மனிதர் பழக்க தோஷத்தில் காலி ஸ்டேடியத்தில் ஒலிபெருக்கியில், "மா-ர்-வின்!" என்று இழுத்துவிட்டார். இழுத்துவிட்டு நிறுத்தினார். அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கூரையில் பட்டு அவர் குரலே திரும்பி வந்தது. எங்கள் சோபாவிலிருந்து அப்பா எழுந்து நின்று, "குலிக்!" என்று கத்தினார். வாசலிலிருந்து ஹார்ட்முட்டும். அந்த அறிவிப்பாளர், பாவம், ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே என்று இரண்டாவது முறையும் கூப்பிட்டார், மூன்றாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை நானும் கத்தினேன் என்று அப்பா சொன்னால் நம்பாதே.

கேமரா அப்போது கோலுக்குப் பின்னால் இருந்த மேடையைக் காட்டியது. வரிசை வரிசையாக அட்டை ஆட்கள், காற்றில் லேசாக ஆடிக்கொண்டு. ஒருவர் நாயையும் நிறுத்தியிருந்தார். நடுவில் அப்பா, கண்ணை மூடாமல். பக்கத்தில் நீ. திலோ, ஒரு நொடிதான், ஆனால் அது நீதான் என்று நினைத்தேன். அதே புருவம், அதே போல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தேன். ஹார்ட்முட் நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒன்றரை மீட்டரையும் மறந்து அறைக்குள்ளேயே வந்துவிட்டார். "டேய் ஃபோல்கர்! பையனைக் கொண்டுவந்து நிறுத்திட்டியேடா! கடைசியில பேசிட்டியா அவன்கிட்ட?" அப்பாவுக்குக் காது சிவந்தது. கேமரா மறுபடியும் அந்தப் பக்கம் வந்தபோது நான் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உனக்கு மீசை கிடையாது. அந்த அட்டைக்கு இருந்தது. அதன் தோள்மேல் யாருடையது என்று தெரியாத நான்கு விரல்கள் இருந்தன. அவை என்னுடைய விரல்கள். நீ பிறப்பதற்கு முன்னால் நோர்டர்னை தீவுக்குப் போகும் படகில் யாரோ எங்களை எடுத்த படம், அதிலிருந்து என்னை வெட்டி எடுத்துவிட்டு இருபத்து நான்கு வயது ஃபோல்கரை உன் இடத்தில் நட்டிருக்கிறார். கத்தரிக்கோலுக்குக் கைதான் தப்பிவிட்டது.

ஹார்ட்முட் போனபிறகு கேட்டேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்திருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "இது என்ன, ஃபோல்கர்?" "என் படம்தானே. என் முகத்துக்கு நான் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?" சட்டப்படி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. "ஹார்ட்முட் திலோன்னு நினைச்சுட்டார்." "நினைச்சா நினைக்கட்டும்." "நானும் நினைச்சேன்" என்றேன். அவர் கழுத்துத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே மடிந்துதான் இருந்தது. "காலியா இருந்தா வேற எவனாவது வந்து நின்னுடுவான், அல்மூத்" என்றார். அட்டை உலகத்திலுமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

திங்கட்கிழமை போன் வந்தது. கிளப்பில் இந்த அட்டை வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பவர் திருமதி பிரிபில்லா. அந்த மேடையில் உன் அப்பா நிற்க ஆரம்பித்த காலத்திலிருந்தே மூன்று படி கீழே நிற்பவர். குரல் ஒலிபெருக்கி மாதிரி, நான் அடுத்த அறையில் இருந்தே எல்லாம் கேட்டேன். "ஃபோல்கர், பேர் திலோன்னு எழுதியிருக்கே, நிக்கிறது யாரு?" அப்பா ஏதோ முணுமுணுத்தார். "யாரை ஏமாத்தறே? அந்த மீசையை எனக்குத் தெரியாதா? அந்த மீசையில இருந்து எத்தனை வருஷம் என் தலைமேல பீர் சொட்டியிருக்கு! இங்க பாரு, ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, அதுதான் விதி. அடுத்த ஆட்டத்துக்குள்ள பையன்கிட்ட கேட்டு அவன் படத்தைக் கொடு, இல்லேன்னா பிடுங்கிடுவேன்." அப்பா, பையன் நியூசிலாந்தில் இருக்கிறான் என்றார். "அங்க போன் இல்லையா? மேடையில நின்னு நடுவரோட அம்மா வரைக்கும் விசாரிக்கத் தெரியுதுல்ல, பெத்த பையனை விசாரிக்க வாய் வராதா? வைக்கிறேன், எனக்கு ஒட்டற வேலை கிடக்கு." நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சம்பளம் வாங்காத ஒரு பெண்மணி சொல்லி முடித்துவிட்டார், எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அன்றிலிருந்து அப்பா ஒரு நிலையில் இல்லை. சாப்பிடும்போது, இப்போது அங்கே மணி என்ன என்று பொதுவாகக் கேட்கிறார். வாரநாளில் கூப்பிட்டால் வேலைக்கு இடைஞ்சலாகுமா என்கிறார், யாரைக் கூப்பிட்டால் என்று சொல்வதில்லை. நேற்று கீழே பாய்லர் அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. துவைத்த துணிக்கூடையோடு படியில் நின்றுவிட்டேன். "திலோ, அப்பா பேசறேன். பட உரிமை சம்பந்தமா ஒரு விஷயம்" என்று பாய்லரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "திலோ, நான்தான். எப்படிடா இருக்கே?" என்றார். அதன்பிறகு மறுபடியும் பட உரிமைக்கே திரும்பிவிட்டார். எனக்கு நடுவில் சொன்னதுதான் பிடித்திருந்தது, ஆனால் அதைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதையும் விட்டுவிடுவார்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். எங்களுக்குக் காலை, உனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். இதை முன்கூட்டியே உனக்குச் சொல்வது ஒரு வகையில் காட்டிக்கொடுப்பதுதான், அந்தப் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஹார்ட்முட் வாய் சும்மா இருக்காது, உனக்கு ஏற்கெனவே எழுதியிருந்தாலும் இருப்பார். யார் எழுதினாலும் நீ படத்தையும் சம்மதத்தையும் கிளப்புக்கு நேராக அனுப்பிவிடாதே. அது மிகவும் வசதியாக இருக்கும், உங்கள் இருவருக்கும் வசதிதான் பெரிய எதிரி. அவர் கேட்க வேண்டும், நீ கேட்கப்பட வேண்டும். மீசை விஷயத்தில் சிரிக்காதே, அவர் முதலில் சிரித்தால் சிரிக்கலாம். நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது, போனில்கூட. ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடு. அந்த வாக்கியம் நியாயமானது என்பதால்தான் சொல்கிறேன், அவர் என் கணவர் என்பதால் அல்ல. நீ திரும்பி வருவாயா மாட்டாயா என்று அவர் கேட்க மாட்டார், கேட்காமலே அதைத்தான் கேட்பார். உனக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், பொய்யாகச் சமாதானம் சொல்லாதே. தெரியாது என்ற பதிலோடு வாழ அவருக்குத் தெரியும், அந்தக் கிளப்போடு வாழ்கிற மனிதர்தானே. அதற்குப் பிறகு இடது பக்கத் தடுப்பாட்டக்காரனைப் பற்றி ஏதாவது கேள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். படம் ஒன்று தயாராக வைத்துக்கொள், நேராகப் பார்க்கிற படமாக, தொப்பி இல்லாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹீட்டரை மறக்காதே. நீ எந்தக் கரையில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், எனக்குப் பிரார்த்தனை வழக்கமில்லை, ஆனால் அதை நான் நினைக்காத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சிற்றுண்டி முடிந்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு போகப் போகிறேன், மதியம் வரை திரும்ப மாட்டேன். அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இதோ அம்மாகிட்ட கொடுக்கிறேன் என்று போனை நீட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கக் கூடாது.

அன்புடன்,
உன் அம்மா
அல்மூத்